கல்லுச்சுவர் கேட்ட அக்கா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய வீட்டின் பின்பாதியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் மூத்த மகன் அப்போது வயிற்றில். அவனுக்கே இன்று தலை நரைத்துவிட்டது என்றால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மகளை எழுதச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அவள் தன் இஷ்டத்துக்குப் பூவும் பொட்டும் வைத்துவிடுவாள் என்ற பயத்தில் நானே எழுதுகிறேன்.

அது உண்மையில் ஒரே வீடு. யாரோ வசதியானவர் கட்டியதாம். பிறகு ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அதை வாங்கி, நடுவில் பலகைச் சுவர் அடித்து, முன்பாதியை ஒரு குடும்பத்துக்கும் பின்பாதியை ஒரு குடும்பத்துக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். முன்பாதியில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த ஐயா அரசாங்க ஆபீஸில் கிளார்க்கு. தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போவார். பின்பாதியில் நாங்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் இரும்படிக்கிற ஆள்.

அவர்கள் வாசல் தெருப்பக்கம், எங்கள் வாசல் சந்துப்பக்கம். அவர்கள் குழாயடி வேறு, எங்கள் குழாயடி வேறு. கிளார்க்கு வீட்டம்மா சந்துப்பக்கம் வரமாட்டார். பட்டறைக்காரன் பெண்சாதி முன்வாசலில் போய் உட்காருவதும் அந்தக் காலத்தில் நடக்காது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய புதிது. புருஷன் காலையில் போனால் சாயங்காலம் கரிமுகத்தோடு வருவார். நடுவில் பேச ஒரு ஜீவன் கிடையாது. ரயில் போகிற சத்தமும் வருகிற சத்தமும்தான். ஒரு நாள் மத்தியானம் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதேன். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆர் பிள்ளை உதிலை அழுறது?"

பழைய வீடு, ஏதோ இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"பயப்பிடாதை. நான் முன்வீட்டு அக்கா. பலகைக்கு இஞ்சாலை இருக்கிறன். சாப்பிட்டிட்டு அழு பிள்ளை, சோறு ஆறிப்போகும்."

சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்கு வாயும் இருந்தது.

அதற்குப் பிறகு என் பாய், என் அரிவாள்மணை, என் முறம் எல்லாமே அந்தப் பலகை ஓரத்துக்குக் குடிபோயின. நான் இந்தப் பக்கம் காய் அரிவேன், அவர் அந்தப் பக்கம் தேங்காய் துருவுவார். அவர் பேசுகிற தமிழ் முதலில் பாதிதான் புரிந்தது. "கெதியா வா" என்றால் சீக்கிரம் வா என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நான் "வூட்டுக்காரரு" என்றால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருடைய பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் அவர் அம்மாவிடம் இருந்தார்கள். அவர்கள் பேச்சு வந்தால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். உடனே வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. காற்று வருவதற்காக மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். நான் அரிசிப் பெட்டிமேல் ஏறி நின்று கையை நீட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து அவர் கை வரும். மாநிறமான, எலும்பு தெரிகிற கை, இரண்டு பொன் வளையல். அவர் கையில் புட்டும் சம்பலும் வரும். என் கையில் குழம்போ பணியாரமோ போகும். என் மங்குக் கிண்ணம் ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தது. அது ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது அதில் இருக்கும். நம் பழக்கம் அதுதானே. கோவிலில் எப்போதாவது தூரத்தில் அவரைப் பார்த்ததுண்டு, ஐயாவோடு வருவார், நான் ஒதுங்கி நிற்பேன். முகத்தைவிட அந்தக் கையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் முழுகாமல் இருப்பதை என் வீட்டுக்காரருக்கு முன்னால் கண்டுபிடித்தவரும் அவர்தான். வாந்தி எடுக்கிற சத்தம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தனியாகக் கப்பலேற்றி அனுப்ப என் வீட்டுக்காரருக்குப் பயம். கூட வர அவருக்கு லீவு கிடையாது. ஆகவே பிரசவம் இங்கேதான் என்று முடிவாயிற்று. அன்று முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகை ஓரம் போய் உட்கார்ந்து, "எனக்கு யாருமே இல்லக்கா" என்றேன்.

"ஏன் நான் இல்லையோ?" என்றார் அக்கா. "உன்ர நேரம் வரேக்கை நான் இந்தச் சுவரோடை இருப்பன். நீ கத்து, நான் கதைப்பன். தனிய விடமாட்டன் பிள்ளை."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மீதி மாதங்களை ஓட்டினேன். அம்மாவுக்குப் பதில் ஒரு குரல் இருக்கிறது, போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் கறையான் வந்தது. ஒரு நாள் கூட்டும்போது பலகையின் அடியில் துடைப்பம் பட்டது, பொலபொலவென்று உதிர்ந்தது. விரலை வைத்து அழுத்தினால் அந்தப் பக்கம் போய்விட்டது. வெளியே பார்க்கப் பலகை, உள்ளே வெறும் மண். பிள்ளை பிறக்கப்போகிற அறை அதுதான். என் வீட்டுக்காரர் தவுக்கேயிடம் போனார். தவுக்கே நல்ல மனுஷன், "எதை வேணுமோ வச்சுக்கோ, ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டாச் சரி" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் எங்கெங்கோ அலைந்து, சுவருக்கு ஆகிற சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கொண்டுவந்து அறையில் பரப்பினார். பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். தகரம் ஒரு துண்டு, மூங்கில் தட்டி ஒரு துண்டு, பலகையில் இரண்டு தினுசு, ஒரு செங்கல்.

தகரத்தை நான் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன். "புள்ள எட்டி ஒதைச்சா இடி இடிச்ச மாதிரி இருக்கும். தூங்குமா அது?" தகரம் வெளியே போயிற்று. மூங்கில் தட்டி பார்க்க அழகு, காற்றும் வரும். ஆனால் அந்தப் பின்னலில் கரப்பானும் பூரானும் குடித்தனம் நடத்தும். இந்தப் பக்கம் விளக்கேற்றினால் அந்தப் பக்கம் நிழலாட்டம் தெரியும். மெல்லிசுப் பலகை கறையானுக்கு வைக்கிற விருந்து. மிஞ்சியது செங்கால் பலகையும் செங்கல்லும். செங்கால் என்பது இந்த ஊர்க் காட்டு மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

அவருக்குக் கல்மேல்தான் ஆசை. எங்கள் இடத்துக்குப் பேரே அந்தக் காலத்துச் செங்கல் சூளைகளால் வந்ததுதான். சூளைகள் நான் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டன. என்றாலும் பழைய கட்டடம் இடித்த கல் எங்கேயாவது குவிந்து கிடக்கும். "ஒரு தடவை வச்சா நம்ம பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார்.

"கல்லு வச்சு மூடிட்டா காத்து எப்படி வரும்? நான் வேர்த்தே செத்துடுவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்குக் காத்து வேணுமா, கதை வேணுமா?"

மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படித்தான். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். இடுப்பு உயரத்துக்குக் கல், அதற்குமேல் செங்கால் பலகை, உச்சியில் வழக்கம்போல ஒரு முழம் இடைவெளி. கறையானுக்குக் கீழே கல், எனக்கு மேலே பலகை. அவர் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டு அளவு பார்த்தார். "மூளைக்காரிதான்" என்றார். முன்வீட்டு ஐயாவிடம் போய்ச் சொன்னார். அவரும் சரி என்றுவிட்டார். அன்று பலகை ஓரம் உட்கார்ந்து, நான் சாதித்த கதையை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமல் கொஞ்ச நாளாகவே இருந்தது. கேட்டால், "ரெயில் கரிப்புகை பிள்ளை, எல்லாருக்கும்தானே" என்பார். உண்மைதான், அந்தச் சந்தில் இருமாதவர்கள் யாருமில்லை.

பிறகு ஒரு வாரம் அக்கா சுவர்ப்பக்கம் வரவேயில்லை. கூப்பிட்டால் தூரத்திலிருந்து, "வேலையாய் இருக்கிறன் பிள்ளை" என்று மட்டும் பதில் வரும். நான் பெட்டிமேல் ஏறிப் பணியாரத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். கை வரவில்லை. "வேண்டாம் பிள்ளை, நீ சாப்பிடு" என்று அந்த அறையின் எந்த மூலையிலிருந்தோ குரல் வந்தது.

மறுநாள் காலையில் என் மங்குக் கிண்ணம் எங்கள் பின்படியில் இருந்தது. அவர்கள் வீட்டில் தங்கியிருந்த கிண்ணம். சுவருக்கு மேலே வரவில்லை, ஐயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சிட்டிகை சீனிகூட இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஆஸ்பத்திரியில் அடிக்கிற மருந்துத் தண்ணீர் வாடையோடு இருந்தது அது.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் சனங்களுக்கு இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தானே தெரியும்? நம் வீட்டுச் சாப்பாடு இறங்கிய பாத்திரத்தைத் தீட்டுக் கழித்து, வெறுமையாகத் திருப்பிவிட்டார்கள். யாரோ அக்காவிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், பட்டறைக்காரி வீட்டில் வாங்கிச் சாப்பிடலாமா என்று. அவரும் கேட்டுக்கொண்டார். மேலே உள்ளவர்கள் எப்போதாவது ஒரு நாள் மேலே இருப்பதைக் காட்டத்தான் செய்வார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் கிளார்க்கு ஐயா எங்கள் சந்து வாசலுக்கே வந்துவிட்டார். அதுவரை எங்கள் வாசலில் நின்று பேசியதேயில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, சுவரை முழுக்கக் கல்லிலையே வைப்பம். கூரை வரைக்கும். மேலை இடைவெளி ஒண்டும் விடவேண்டாம். ரெண்டு பக்கமும் வடிவாய்ச் சுண்ணாம்பு பூசவேணும்."

"போன வாரம் பலகைக்குச் சரின்னீங்களே ஐயா?"

"ஓம். சொன்னனான்தான்." அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "இப்ப மனிசி கல்லுத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டா. உன்ர பெண்சாதிக்கு நேரம் வர முந்தி முடிச்சுப்போடவேணும் எண்டும் சொன்னவ."

அதாவது, நான் கத்துகிற சத்தம்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. அப்படித்தான் எனக்கு விளங்கிற்று. தனிய விடமாட்டன் என்று சொன்ன அதே அக்கா. ஐயா போனதும் நான் பலகையிடம் போய் ஓங்கித் தட்டினேன்.

"அக்கா! நீங்களா கல்லு கேட்டீங்க?"

தூரத்திலிருந்து, "ஓம் பிள்ளை. நான்தான்."

"ஏன்க்கா? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்டும் செய்யேல்லை. கல்லுத்தான் நல்லது. சொன்னாக் கேள்."

அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் பழைய பலகைகளைப் பிடுங்கினார்கள். கறையான் அரித்ததால் கையோடு வந்துவிட்டன. சட்டென்று இரண்டு வீடும் ஒரே வீடாகிவிட்டது. எத்தனையோ மாதமாகக் குரலாக மட்டும் இருந்த இடத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அங்கே ஒரு முக்காலி இருந்தது, எனக்குக் கை நீட்ட அவர் ஏறுகிற முக்காலி. கட்டிலை எதிர்ச்சுவரோடு தள்ளிப் போட்டிருந்தார்கள். அறைக்கு அப்பால் வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அக்கா அதற்குப் பின்னால் இருந்தார். எங்களுக்கு நடுவில் சுவரே இல்லாமல் இருந்தது அந்த ஒரே நாள்தான். காலையிலிருந்து கல் வரிசை நெஞ்சு உயரம் வருகிறவரைக்கும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். திரை விலகவேயில்லை. வேலை செய்கிறவர்களுக்கு ஐயாதான் தேத்தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு சுவர் கூரையைத் தொட்டது. பிறகு சுண்ணாம்பு பூசினார்கள். அறை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, பூச்சி பொட்டு இல்லாமல், பிள்ளை பிறக்கிற இடம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் என் வீட்டுக்காரரைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் அது அறையாகத் தெரியவில்லை. காய் அரிய உட்கார்ந்தால் பழக்கதோஷத்தில் சுவரோரம்தான் உட்காருவேன். "அக்கா, இன்னைக்கு என்ன கறி?" என்று வாய்வரைக்கும் வரும். சுண்ணாம்பு வாடைதான் பதிலுக்கு வரும். அம்மாவை விட்டு வந்த புதிதில்கூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை.

நேரம் வந்தது ஒரு மழைநாள் மத்தியானம். பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து, கிராமம் என்று வையுங்கள், மருத்துவச்சி வந்தாள். நல்ல மனுஷி. "தெரான், தெரான்" என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். முக்கு, முக்கு என்கிறாள். எனக்கு மொழியும் அவ்வளவாகத் தெரியாது, அவள் முகமும் பழக்கமில்லை. முதலில் "அம்மா" என்று கத்தினேன். பிறகு கோபத்தையெல்லாம் மறந்து "அக்கா, அக்கா" என்று கத்தியிருக்கிறேன். மருத்துவச்சிகூட, அக்கா எங்கே, கூட்டி வரட்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாளாம். அந்த வெள்ளைச் சுவர் என் தலைமாட்டில் நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. மழை விடுவதற்கு முன்னால் மகன் பிறந்தான்.

பிள்ளை பெற்ற தீட்டுக் கழிகிறவரை நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. தலைக்கு ஊற்றிய அன்று காலை, என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "முன்வீட்டு அம்மாவ ஊருக்கு அனுப்புறாங்க. வாசல்ல குதிரை வண்டி நிக்குது" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "போயிப் பாத்துட்டு வா. புள்ளையையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

முன்வாசலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அப்போது நினைவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, சந்தைச் சுற்றித் தெருப்பக்கம் ஓடினேன். ஐயா பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா முன்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். அந்தக் கையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். வளையல் இரண்டும் முழங்கை வரைக்கும் ஏறி நின்றன. அவ்வளவு மெலிந்துபோயிருந்தார்.

நான் படியில் கால் வைத்தேன். அந்தக் கை சட்டென்று உயர்ந்தது.

"அங்கையே நில் பிள்ளை! கிட்ட வராதை!"

பழைய கோபம் குபுக்கென்று வந்தது. அவர் உடனே, "பிள்ளையைத் தூக்கிக் காட்டு. இஞ்சை இருந்தே பாக்கிறன்" என்றார். துணியை விலக்கிக் காட்டினேன். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"வடிவான பிள்ளை," என்றார். பிறகு இருமினார். முன்பு பலகை வழியாகக் கேட்ட இருமல் இல்லை அது. ஆளையே உலுக்கிவிட்டுப் போகிற இருமல். முடிந்ததும் துணியை மடித்து உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

"சயரோகம் பிள்ளை," என்றார். "ஆஸ்பத்திரியிலை சொன்னவை. நீ கல்லும் பலகையும் எண்டு கதைச்சியே, அதுக்குப் பிறகுதான் சொன்னவை. அந்தப் பலகை வழியாலை, அந்த ஒரு முழ இடைவெளியாலை என்ர மூச்சு உன்ர அறைக்குள்ளை வரும். பச்சைப் பிள்ளை படுக்கிற அறை. வெளியிலை சொன்னா எங்களைக் குடியெழுப்பிப்போடுவினம், இவரின்ர வேலையும் என்னாகுமோ தெரியாது. வேற என்ன செய்யிறது? கல்லுக் கேட்டன்."

கிண்ணத்தை மருந்துத் தண்ணீரில் கழுவியது ஏன், அதில் சீனி போடாதது ஏன், திரைக்குப் பின்னாலிருந்து வராதது ஏன் என்று நான் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. படியிலேயே நின்று அழுதேன்.

"நான் அன்னைக்கு ஒங்களக் கூப்பிட்டேன்க்கா. நீங்க இருப்பேன்னு சொன்னீங்களே. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"இருந்தனே பிள்ளை," என்றார் அக்கா. "முக்காலியைச் சுவரோடை போட்டுக்கொண்டு இருந்தன். மருத்துவச்சி வந்தது தெரிஞ்ச நேரம் தொடக்கம், இவர் வந்து பிள்ளை பிறந்திட்டுது எண்டு சொல்லுமட்டும் கதைச்சுக்கொண்டே இருந்தன்."

"எனக்கு ஒன்னுமே கேக்கலையே!"

"கேக்காது. என்ர கதை வாற வழியாலைதானே பிள்ளை என்ர இருமலும் வரும்."

ஐயா வந்து, "ரெயிலுக்கு நேரமாச்சுது" என்றார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன், அவர் சொல்லாமலே. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "என்ர பிள்ளையளையும் இனி இப்பிடித்தான் எட்ட நிண்டு பாக்கவேணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "என்னக்கா பேசினீங்க? அன்னைக்கு என்கிட்ட என்ன பேசினீங்க?" என்று நான் தெருவுக்குக் குறுக்கே கத்தினேன். குதிரை நகர்ந்துவிட்டது. அந்தக் கை மட்டும் வெளியே வந்து, பிள்ளையைத் துணியால் மூடு, வெயில் படுகிறது என்று சைகை காட்டிக்கொண்டே போயிற்று.

ஐயா அவரை ஊரில் விட்டுவிட்டுத் திரும்பினார். ஆனால் அந்த வீட்டுக்கு வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். அக்கா எவ்வளவு நாள் இருந்தார், தன் பிள்ளைகளைக் கிட்டத்தில் வைத்துக் கொஞ்ச முடிந்ததா என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முன்பாதிக்கு வேறு யார் யாரோ குடிவந்தார்கள், போனார்கள். என் மகன் அந்த வெள்ளைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினான். ஒரு இருமல், ஒரு சளி என்று அவன் படுத்ததேயில்லை. பிறகு நாங்கள் கிள்ளானுக்கு வீடு மாறினோம். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் என் அம்மாவே கப்பலேறி வந்து கூட இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார், தலையைத் தடவிக் கொடுத்தார், என்னென்னவோ சொன்னார். அவையெல்லாம் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்த மழைநாளில் ஒருத்தி கல்லைப் பார்த்துக்கொண்டு எனக்காகப் பேசிக்கொண்டே இருந்தாளே, என் காதில் விழாமல் போன அந்தப் பேச்சைத்தான் இந்த வயதிலும் கேட்க ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.